மேட்டில் ஒரு ராத்திரிக்கு விண்ணப்பம்

முதலாவது, அறுபத்தெட்டில் எங்கள் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு அதைத் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையாக்கினார்கள். இரண்டாவது, எழுபத்தொன்றில் வேலைநிறுத்தத்தின் ஏழாம் நாள் தொழிலாளர் லைன் வீடுகளுக்கு வரும் தண்ணீர்க் குழாயைப் பூட்டினார்கள். ஒன்பது நாள் பூட்டியே கிடந்தது. மூன்றாவது, எழுபத்து மூன்றில், அணையின் உயரத்தைப் பன்னிரண்டு அடி கூட்டப்போவதை ஒருவரிடமும் சொல்லாமல் எங்கள் கீரைப் பாத்திகளுக்குள் அளவுக்கல் நட்டார்கள். நான்காவது, எழுபத்து நாலு தை மாதம், யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பேர் எழுத ஆள் அனுப்பினார்கள். ஐந்தாவது, எழுபத்தைந்து ஆடியில், சொன்ன தேதிக்குப் பதினோரு நாள் முன்னாலேயே மதகை அடைத்துத் தண்ணீரை ஏற்றினார்கள். ஆறாவது, குளிராட்டி எஸ்டேட் கீழ் டிவிஷன் முழுவதும் ஏரிக்குள் போய், நாங்கள் பிணம் புதைத்த மேடு மட்டும் தீவாக மிஞ்சியபோது, அங்கே போவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்றார்கள். ஏழாவது, சீட்டுக் கேட்டவர்களிடம், நீங்கள் அங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் எங்கே என்றார்கள். எட்டாவது, மூன்று வருஷத்துக்கு முன் அந்த மேட்டில் புல்லைச் செதுக்கிக் கூடாரம் அடித்து, வெளியூர்க்காரர்கள் துடுப்புப் படகில் போய் ஒரு ராத்திரி தங்கிவரும் உல்லாச இடமாக்கினார்கள். ஒன்பதாவது, அதே படகில் நாங்களும் போகிறோம் என்று போன வருஷம் கொடுத்த விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினார்கள்.

அவர்கள் செய்த அநியாயம் ஒன்பதையும் வரிசை பிசகாமல் சொல்வேன். மேடையில், தேயிலைக்காட்டு ஓரத்தில், கோர்ட்டு வராந்தாவில் சொல்லிச் சொல்லி அது ஜெபம் மாதிரி ஆகிவிட்டது. கோயிலுக்குப் போவதை விட்டவனுக்கு அதுதான் ஜெபம். இப்போது சொன்னால் கேட்க இந்தப் படகுத்துறை அலுவலகத்தின் வராந்தாவில் ஒரு பல்லி இருக்கிறது, சிமெண்டுப் பெஞ்சின் அந்த ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் வெள்ளத்தாய் இருக்கிறாள், அவள் முந்நூறு தடவை கேட்டவள். சாப்பாட்டு நேரம் ஒன்று முதல் இரண்டரை என்று பலகை சொல்கிறது. கவுண்டர் பெண் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே தயிர்சாதம் சாப்பிடுகிறாள், ஊறுகாய் வாசனை வருகிறது. மணி ஒன்றே கால். மடியில் நாலு பக்க விண்ணப்பம். இன்றைக்குக் கொடுத்தால் நாளை மறுநாள் சனிக்கிழமை படகு. அதோடு சரி. தென்மேற்குப் பருவம் தொடங்கிவிட்டால் படகுகளைக் கரையேற்றிக் கவிழ்த்துவிடுவார்கள், மறுபடி இறக்க ஐப்பசி ஆகும். ஐப்பசி என்பது எனக்கு ஒரு மாதம். வெள்ளத்தாய்க்கு அது அப்படியில்லை. இதயம் வீங்கியிருக்கிறது என்று அடிவாரத்து டாக்டர் படத்தைத் தூக்கிக் காட்டியதை நானும் பார்த்தேன், ஒரு பக்கம் சாய்ந்த பலாக்காய் மாதிரி இருந்தது. வெளியே வந்து அவள் கேட்டாள்: "அண்ணாச்சி, இந்தத் தடவையும் விட்டுட்டா அப்புறம் எனக்கு எந்தத் தடவை?" நான் மருந்துச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன். ஐம்பது வருஷத்தில் எத்தனையோ கேள்விக்கு நான் பதில் வைத்திருந்திருக்கிறேன், அச்சடித்தே வைத்திருந்திருக்கிறேன்.

அவளுக்கு வேண்டியது சின்ன விஷயம். அந்த மேட்டில் அவள் பிள்ளை கிடக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு ராத்திரி படுத்திருக்க வேண்டும். அவ்வளவுதான். பூசை இல்லை, படையல் இல்லை, கல் நடுவது இல்லை. அந்தச் சின்ன விஷயத்துக்கும் இந்தத் தாளுக்கும் நடுவில் ஏழாவது கட்டம் நிற்கிறது. பயணத்தின் நோக்கம். பொழுதுபோக்கு, விளையாட்டுப் பயிற்சி, புகைப்படம். மூன்றில் ஒன்றை டிக் அடிக்க வேண்டும். போன வருஷம் நான்காவதாக 'மற்றவை' என்று ஒன்று இருந்தது. அதில் நான் 'இழந்த மண்ணில் உரிமை மீட்புப் பயணம்' என்று எழுதி, ஒன்பதில் எட்டை வரிசையாகத் தட்டச்சு செய்து இணைத்துக் கொடுத்தேன். பதினாறாம் நாள் திரும்பி வந்தது. இந்த வருஷத் தாளில் 'மற்றவை' இல்லை. என்னால்தான் அதை எடுத்திருக்கிறார்கள் என்று காலையில் தாளை வாங்கியவுடன் புரிந்தது, புரிந்தவுடன் எனக்குள் ஒரு பெருமை வந்தது. அந்தப் பெருமை எழும்பி அடங்க ஒரு நிமிஷம் ஆனது. அந்த ஒரு நிமிஷமும் வெள்ளத்தாய் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அந்தத் தாளைத் திருப்பி அனுப்பியது அவர்கள் செய்த அநியாயம் என்று நான் ஒன்பதாவதாகச் சேர்த்திருக்கிறேன். போன வைகாசியில் அவளால் நடக்க முடிந்தது. டிக் அடித்திருந்தால் போயிருக்கலாம்.

"அதுல என்ன கேக்கான் அண்ணாச்சி, இம்புட்டு நேரமாப் பாக்கிய?"

"எதுக்குப் போறியன்னு கேக்கான்."

"சந்தோசமா இருக்கப் போறோம்னு எழுதுங்க."

"அது பொய்யில்லியா?"

"எனக்குப் பொய்யில்ல," என்று சொல்லிவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

சரி, அந்தக் கட்டத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்வோம், மற்றதைத் திட்டமிடுவோம். திட்டமிடுவது எனக்குக் கைவந்தது. முந்நூறு பேரை மலையிலிருந்து கலெக்டர் ஆபீஸ் வரை முப்பத்தெட்டு மைல் நடத்திக் கூட்டிப் போயிருக்கிறேன், எந்த மைலில் கஞ்சி, எந்த மைலில் கோஷத்தை நிறுத்தித் தொண்டைக்கு ஓய்வு, யார் யாரை அடுத்தடுத்து நடக்கவிடக் கூடாது, எல்லாம் ஒரு பீடிக்கட்டு உறையின் பின்னால் எழுதி வைத்திருப்பேன். இப்போது மூன்று பேர். இரண்டு படகு, ஒவ்வொன்றும் இரண்டு பேர் உட்காருவது, கயாக் என்கிறார்கள், வாழைப்பூ மடல் மாதிரி சிவப்பாக மெலிந்து கிடக்கின்றன துறையில். நாலாவது ஆளாக அவர்களே வழிகாட்டி ஒருவரை அனுப்புவார்கள். கனம் குறைந்தவர் முன்னால், கனமானவர் பின்னால், பின்னால் இருப்பவர்தான் படகைத் திருப்புவார். காலையில் மூன்று பேரையும் எடை போட்டார்கள். நான் நாற்பத்தொன்பது கிலோ. தராசில் ஏறி நின்றபோது பள்ளிக்கூடம் கொட்டகையானது ஞாபகம் வந்தது, சொல்ல வாயெடுத்தேன், அடுத்த ஆள் என்று கூப்பிட்டுவிட்டார்கள். நாற்பத்தொன்பது கிலோ என்றால் நான் முன்னால். பின்னால் வழிகாட்டி. அவர் தள்ளிக்கொண்டு போகிற மூட்டை நான். வெள்ளத்தாய் இன்னொரு படகில் முன்னால், அவளுக்குப் பின்னால் தண்ணீர் தெரிந்த ஒருவன் இருந்தாக வேண்டும், துடுப்பை அவளுக்கும் சேர்த்துப் போடக்கூடியவன். இந்த மலையில் எங்கள் ஆட்களில் தண்ணீர் தெரிந்தவன் ஒருத்தன்தான். அவன் தங்கையா. எழுபத்து நாலு தை மாதம், கணக்கெடுக்க வந்தவர்களிடம் முதல் நாளே தனி ஆளாகப் போய்ப் பேர் கொடுத்தவன். அதற்குக் கூலியாக அடிவாரத்தில் வீட்டுமனை வாங்கினவன், அணை நிரம்பிய பிறகு அதே தண்ணீரில் பரிசல் விட்டு மீன் பிடித்துப் பிழைத்தவன். ஐம்பது வருஷம் நான் அவனோடு பேசியதில்லை. போன வாரம் அவன் வீட்டு வாசலில் போய் நின்றேன். என்ன வேணும் என்று கேட்கவில்லை. "வெள்ளத்தாய் சொல்லி அனுப்பிச்சுட்டா, வே. உள்ள வாரும்" என்றான்.

சூடு ஏறுகிறது. தகரக் கூரை டக் டக்கென்று சொல்கிறது. ஏரி வெள்ளையாகக் கூசுகிறது, நடுவில் மேடு, பச்சையாக, அதன் மேல் ஆரஞ்சு நிறத்தில் மூன்று கூடாரம். எனக்கு நீச்சல் தெரியாது. நீச்சல் தெரியுமா, ஆம், இல்லை. இல்லையில் டிக் அடித்தேன், இன்றைக்கு நான் அடித்த முதல் டிக். பதினைந்து கட்டு சுவரொட்டியோடு போலீஸ் துரத்த ஓடியிருக்கிறேன், மூன்று தடவை உள்ளே இருந்திருக்கிறேன், பயம் என்று ஒன்று எனக்கு வந்ததாக யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் அந்த மடலுக்குள் காலை நீட்டி உட்கார்ந்து அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தே அதன் மேல் போவதை நினைத்தால் இந்தப் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறேன். அடியில் வரிசை வரிசையாக லைன் வீடு. கூரைத் தகரத்தை அவர்கள் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், சுவர் மட்டும் நிற்கும், மேலிருந்து பார்த்தால் விண்ணப்பத்தில் இருக்கிற கட்டங்கள் மாதிரி இருக்கும். அங்கே பெரட்டுக்களம் இருக்கும், விடியலில் நின்று பேர் கூப்பிடக் கூப்பிட ஆமா ஆமா என்று சொல்லி வேலைக்குப் பிரிந்து போகிற களம். ஏழாம் லைன் கடைசி வீடு வெள்ளத்தாயும் அவள் புருஷன் இசக்கிமுத்துவும் இருந்தது. படகு அதன் மேலாகத்தான் போகும், வேறு வழி கிடையாது. தங்கையா சொன்னான், தண்ணி வத்தின வருஷம் அந்த வீட்டு அடுப்புத் திட்டு மேல வலை மாட்டிக் கிழிஞ்சிருக்கு என்று. சும்மா சொன்னானோ என்னவோ. எதற்குச் சொன்னான். நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில்... இல்லை. கூடாரம் அவர்களே கொடுப்பார்கள். கம்பளி நாம் கொண்டு போக வேண்டும். மண்ணெண்ணெய் அடுப்புக்குத் தடை. சாப்பாடு சைவமா அசைவமா. பாட்டுப் பெட்டி வேண்டுமா. கேம்ப் ஃபயர் வேண்டுமா. மேனேஜர் பங்களா முன்னால் அவர்கள் கொடுத்த நோட்டீசைக் குவித்து நான் மூட்டிய நெருப்புக்கு எட்டு மாதம் கொடுத்தார்கள், இங்கே வேண்டுமா என்று கேட்டு மூட்டித் தருகிறார்கள். வேண்டும் என்று போட்டேன். மேட்டில் குளிரும், அவளுக்கு வெக்கை வேண்டும்.

தங்கையா வந்துவிட்டான். தலையில் துண்டு, கையில் மூன்று பேருக்கும் எப்படியோ வாங்கிய டாக்டர் சர்டிபிகேட், வெயிலில் நடந்து வந்த மூச்சு இல்லை அவனிடம். எனக்கும் அவளுக்கும் நடுவில் உட்கார்ந்தான்.

"என்ன தலைவரே, எழுதி முடிச்சாச்சா? இல்ல மாநாட்டுத் தீர்மானம் மாதிரி இதுக்கும் திருத்தம் உண்டுமா?"

"ஒரு கட்டம் நிக்கி."

"முன்னால உக்காருதவன் துடுப்பத்தான் போடணும், பேசப்படாது. ஒமக்கு அது நடக்குமா, வே?"

வெள்ளத்தாய் கண்ணைத் திறக்காமல் சிரித்தாள். "பேசினாத் தள்ளி விட்டுரு தங்கையாண்ணே. அங்க பழகின எடந்தான் அவுகளுக்கு."

"தள்ளி விட்டா அடியில போயும் நோட்டீஸ் போட்டுருவாரு, மீனுக எல்லாம் வெளிநடப்பு." அவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். "எழுவத்து நாலுல என்னக் கருங்காலின்னு ஒரு நோட்டீஸ் போட்டீரே. தங்கையான்னு கொட்டை எழுத்துல. எம் பொண்டாட்டி அந்தப் பேர மட்டும் கத்திரிச்சு பெட்டிக்குள்ள வச்சிருந்தா, தெரியுமா? எம் புருசன் பேரு அச்சுல வந்திருக்குன்னு. செத்த பெறவு பெட்டியத் தொறந்தேன், இருக்கு."

சிரிக்கத்தான் சொன்னான். அவள் சிரித்தாள், இருமல் வந்தது. நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொட்டை எழுத்து. நான் எழுதிய நோட்டீசுகளில் பேர்களுக்குக் குறைவில்லை. மேனேஜர் பேர், கணக்கெடுக்க வந்தவன் பேர், கருங்காலிகள் பேர், கைதானவர்கள் பேர், என் பேர் ஒவ்வொன்றிலும் அடியில். கம்போசிங்காரர் பரமானந்தம் கேட்பார், என்னய்யா, உன் நோட்டீசில் பேரு எழுத்துதான் தேயுது என்று. ஆனால் எல்லாவற்றையும்விட அதிகமாக அச்சடித்தது, பத்தாயிரம், மூன்று தாலுகாவுக்கும் போனது, அதன் தலைப்பு 'பச்சிளம் குழந்தை பலி'. அதில் மேனேஜர் பேர் இரண்டு இடத்தில் இருக்கிறது. கம்பவுண்டர் பேர் இருக்கிறது. குழந்தைக்குப் பேர் இல்லை. பச்சிளம் குழந்தை. ஒரு தொழிலாளியின் பச்சிளம் குழந்தை. பேர் போடாததற்குக் காரணம் இருந்தது, பேர் கொடுக்காப் போராட்டம் அது, பேர் கொடுத்தால் காலி செய்யச் சம்மதித்ததாக அர்த்தம், ஆகவே யாரும் எந்தத் தாளிலும் எந்த அதிகாரியிடமும் பேர் சொல்லக் கூடாது, அந்த முழக்கம் என்னுடையது, ஒரு பழைய சிறு பிரசுரத்தில் படித்த ஒத்துழையாமையை நானே கொஞ்சம் நீட்டி உண்டாக்கினேன். முப்பத்தெட்டு வீடு கேட்டது. எங்கள் தொழிலாளிகள் எதையும் பாதி கேட்பவர்கள் இல்லை. கணக்கெடுக்க வந்தவனிடம் மட்டும் பேர் சொல்ல வேண்டாம் என்று அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டால் ஆமா சொல்லவில்லை. தபால்காரனிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி ஜன்னலில் சொல்லவில்லை. அதைக் கேட்டு நான் புல்லரித்துப் போனேன்.

சரி. நடுவில் விட்டது அதுதான். நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது, அது அவர்கள் செய்தது இல்லை, அதனால் பட்டியலில் சேராது என்று இத்தனை காலம் வைத்திருந்தேன். மாசி மாதம். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. இசக்கிமுத்து எஸ்டேட் ஆஸ்பத்திரி ஜன்னலில் போய் நின்றான், கம்பவுண்டர் ரிஜிஸ்டரைத் திறந்து பேரைச் சொல்லு, மருந்து தாரேன் என்றான். கணக்கெடுப்புக்காரர்கள் அந்த ரிஜிஸ்டரைப் பார்த்து எழுதுகிறார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது, அதைக் கிளப்பிவிட்டது நான். இசக்கிமுத்து பேர் சொல்லாமல் திரும்பினான். அப்போது நான் டவுனில் இருந்தேன், சனிக்கிழமைதான் மேலே ஏறுவேன், நான் ஏறுகிற பாதையில் கல்பாலத்துப் பக்கம் காத்திருந்தான். தலைவரே, பிள்ளைக்கு ரொம்ப முடியல, பேரச் சொல்லிரட்டுமா? இருபத்து நாலு வயது எனக்கு. கையில் கட்டுக் கட்டாக நோட்டீஸ், தோள் வலி. நான் சொன்னது: ரெண்டு நாள் பொறு, நீ சொன்னா முப்பத்தெட்டும் சரிஞ்சுரும். அவன் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனான். அந்தக் கும்பிடு மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளை இறந்தது. நான் அவள் மடியிலிருந்து அதை வாங்கினேன். வாங்கினேன் என்று சொல்வது நயம், எடுத்தேன். ஒரு தேயிலைப் பெட்டிப் பலகையில் கிடத்தி மேனேஜர் பங்களா வரை ஊர்வலம், அங்கே நான் ஒன்றே கால் மணி நேரம் பேசினேன், கேட்டவர்கள் அழுதார்கள், மழைக்குறி வந்ததும் அங்கிருந்தே மேட்டுக்குக் கொண்டுபோய் இருட்டுவதற்குள் புதைத்தோம். பால் கட்டிக் காய்ச்சலாகக் கிடந்தவளைப் பெண்கள் விடவில்லை. அவள் வந்து சேர்ந்தபோது மண் தள்ளி முடிந்திருந்தது. மறுநாள் நோட்டீஸ் எழுத உட்கார்ந்தேன். பேர் தெரியாது எனக்கு. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது, துணி சுற்றியிருந்தது. குழந்தை என்று எழுதினால் போதும், எழுத்தில் அது இன்னும் எடுப்பாக இருக்கிறது என்று தோன்றியது.

அதற்குப் பிறகு கேட்டிருக்கலாம். எவ்வளவோ நாள் இருந்தது. இசக்கிமுத்து உயிரோடு இருந்த வரை வருஷத்துக்குப் பத்துத் தடவையாவது அவர்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன், எனக்காகத் தனியாக வறுத்து வைத்திருப்பாள், கேட்டால் தெரியாதா உனக்கு என்று ஆகிவிடுமே என்று ஒரு வருஷம் விட்டேன், அப்புறம் அந்த ஒரு வருஷம் விட்டது வெட்கமாகி இன்னும் பத்து வருஷம் விட்டேன். பிறகு அது பழகிவிட்டது. அவளும் என்னிடம் பேச்சில் 'எம் பிள்ள' என்றுதான் சொல்வாள், வேறு சொன்னதில்லை. ஒரு தடவையாவது வாய் தவறிச் சொல்ல மாட்டாளா என்று காது கொடுத்திருக்கிறேன். அவள் ஏன் என்னை இன்னும் சேர்த்துக்கொள்கிறாள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஏழாவது அநியாயத்தில் குடியிருந்ததற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார்களே, எங்கள் முப்பத்தெட்டு வீட்டுக்கும் ஆதாரம் இல்லை, ஏனென்றால் நாங்கள் பேர் கொடுக்கவில்லை. பேர் கொடுத்தவன் தங்கையா ஒருத்தன். அவன் ஒருத்தன்தான் சட்டப்படி அங்கே குடியிருந்தவன். இதைச் சொல்லி அவன் என்னைக் குத்தியதில்லை, நான் அதற்குக் காத்திருக்கிறேன், படகில் வைத்துச் சொல்வான் என்று நினைக்கிறேன், சொல்லட்டும். களைப்பாக இருக்கிறது. தோற்ற களைப்பு எனக்குத் தெரியும், அது ராத்திரி தூங்கினால் போய்விடும். இது முட்டியில், தாடையில், பேனா பிடித்திருக்கிற விரலில் இருக்கிறது. பேனா ஏழாவது கட்டத்துக்கு மேல் நிற்கிறது. அங்கே போய் அவள் படுப்பாள். நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருப்பேன். ராத்திரி முழுக்க அவள் அதன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் என்ன செய்வேன், அப்போது தெரிந்துகொள்வேனா, ஒளிந்து கேட்டு? டிக். பொழுதுபோக்கு. பேனா தாளைக் கிழிக்கவில்லை, ஒன்றும் இடியவில்லை. ஒரு டிக் அவ்வளவு சின்னது.

ஷட்டர் மேலே போனது. கவுண்டர் பெண் கையைத் துடைத்துக்கொண்டே தாளை வாங்கி ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்தாள். ஏழாவதில் விரல் நிற்குமோ என்று பார்த்தேன், நிற்காமல் எட்டுக்குப் போய்விட்டது. போன வருஷம் திருப்பி அனுப்பியதும் இவள்தானா, என்னை அடையாளம் தெரியவில்லையா? தெரியாது என்பது கொஞ்சம் வலித்தது, அதையும் கவனித்துக்கொண்டேன்.

"மூணு பேருமே அறுபதுக்கு மேல. அப்ப கூட்டிட்டுப் போறவர் உறுதிமொழியைச் சத்தமா வாசிக்கணும் தாத்தா. கூட வராத ரெண்டு பேர் சாட்சி வேணும். இருக்காங்களா?"

தாத்தா. போகட்டும். டீக்கடை ரெஜினாவும் துறைக் காவலாளியும் ஏற்கெனவே சொல்லி வைத்தபடி வந்து நின்றார்கள். ரெஜினா கையில் வடிகட்டியோடு வந்திருந்தாள். "சீக்கிரம் வாசிங்க தாத்தா, பால் பொங்கிரும்." வெள்ளத்தாயைத் தங்கையா கைத்தாங்கலாக எழுப்பிக் கவுண்டருக்குக் கொண்டு வந்தான். அவள் முழங்கையைக் கவுண்டர் பலகையில் ஊன்றிக்கொண்டாள், மூச்சு எனக்குக் கேட்டது.

"மொதல்ல மேல இருக்கிறத வாசிங்க. அப்புறம் வரிசையாப் பேர். வாசிச்ச பேருக்கெல்லாம் நீங்கதான் பொறுப்பு. சாட்சிங்க கேட்டுட்டுக் கையெழுத்துப் போடுவாங்க, நான் சீல் வச்சுருவேன்."

கண்ணாடியைப் போட்டேன். எத்தனை ஆயிரம் பேர் முன்னால் வாசித்த குரல், இது இப்படிப் பிசிறும் என்று நினைக்கவில்லை. கீழே பேர் சொல்லப்பட்டவர்களின் உயிருக்கும் உடம்புக்கும் நானே முழுப் பொறுப்பு என்றும், என் சொல்லால் அவர்களுக்கு நேரும் எந்தத் தீங்குக்கும் வேறு எவரையும் குறை கூற மாட்டேன் என்றும் இந்தச் சாட்சிகளின் முன்னிலையில் உறுதி கூறுகிறேன். யார் எழுதிய வாசகம் இது? ஏதோ ஒரு குமாஸ்தா எங்கேயோ உட்கார்ந்து எழுதியது. நான் ஐம்பது வருஷத்தில் இப்படி ஒரு வரி எழுதியதில்லை. செ. ஏசுவடியான், எழுபத்து நாலு. பே. தங்கையா, எழுபத்தொன்று. இ. வெள்ளத்தாய், அறுபத்தொன்பது. அதற்குக் கீழே ஒரு கோடு காலியாக இருந்தது. நான் நிறுத்தினேன்.

"அவ்வளவுதான தாத்தா?"

இல்லை என்றேன். எனக்கே கேட்டதா தெரியவில்லை. வெள்ளத்தாய் பக்கம் திரும்பினேன். எல்லோரும் நிற்கையில் கேட்பது, மறுபடி அந்தப் பிள்ளையை ஒரு பலகையில் கிடத்தி ஊர்வலம் போவதா இது, தெரியவில்லை, தனியாகக் கேட்க ஐம்பது வருஷம் இருந்தது, கேட்கவில்லை. "வெள்ளத்தாய், ஓம் பிள்ளைக்குப் பேரு என்ன?"

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"தெரியாதா அண்ணாச்சி ஒங்களுக்கு?"

"தெரியாது."

"இத்தன நாளாவா?"

"இத்தன நாளாவும்."

தங்கையா ஏரியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். ரெஜினா வடிகட்டியைக் கீழே இறக்கினாள். வெள்ளத்தாய் பலகையைப் பிடித்தபடி எட்டி, என் காதருகில் வந்து, வெற்றிலை மணக்க, ஒரு தடவை சொன்னாள். பெண் பிள்ளை. எத்தனை நாள் என்று கேட்டேன். அதையும் சொன்னாள். பிறகு, "எழுதாதீங்க, படகு நின்னுரும். வாசிங்க. நான் கேக்கணும்" என்றாள்.

பேனாவை மூடிப் பைக்குள் வைத்தேன். கவுண்டர் பெண்ணைப் பார்த்துச் சொன்னேன், தாளில் இல்லை அம்மா, ஆனால் என் பொறுப்பு, கேட்டுக்கொள். அவள் சீல் கட்டையைக் கையில் எடுத்தபடி நின்றாள். காவலாளி தொப்பியைக் கழற்றினார், ஏன் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. மூச்சைப் பிடித்து, முப்பத்தெட்டு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுகிற மாதிரி வாசித்தேன்: குளிராட்டி எஸ்டேட், கீழ் டிவிஷன், ஏழாம் லைன், இசக்கிமுத்து வெள்ளத்தாய் மகள், வயது நாற்பத்தொரு நாள், பவுனுத்தாய்.